எரிமலைக் குழம்பின் வயது

மரத்தை அறுத்தால் அதன் வயதை உள்வளையங்கள் உரைக்கும். கல்வெட்டின் காலத்தை அதிற் பொறித்த அரசன் பெயரும் ஆட்சியாண்டும் அறிவிக்கும். அவை சிதைந்து போயினும், எழுத்தின் வடிவு கண்டு இன்ன நூற்றாண்டினது என வல்லார் துணிவர். ஆனால், எரிமலையின் வாயினின்று பொங்கி வழிந்து, பரந்து, ஆறிக் கல்லாகிய குழம்பிலே வளையமும் இல்லை, எழுத்தும் இல்லை. நூறாண்டுக்கு முன் வழிந்ததும் ஆயிரம் ஆண்டுக்கு முன் வழிந்ததும் ஒரே கரும்பாறையாய் அருகருகே கிடக்கும். அவற்றுள் மூத்தது எது, இளையது எது, ஒவ்வொன்றின் வயது யாது என்று கண்டறிவது எங்ஙனம்? இஃது அறிவு வேட்கையால் மட்டும் எழுந்த வினா அன்று. மலையடியில் வாழும் மக்களின் உயிரையும் உடைமையையும் பற்றிய வினாவும் ஆகும்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுக்கூட்டம் உள்ளது. அக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய் என்பதே. மௌனா லோவா, கிலவேயா, ஹுவாலாலை முதலிய எரிமலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அத்தீவை ஆக்கியிருக்கின்றன. 'நீண்ட மலை' எனப் பொருள்படும் பெயர் பூண்ட மௌனா லோவா, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,170 மீட்டர் உயரமுள்ளது. அதன் கீழ்த்திசையில், கடற்கரையை அடுத்து ஹீலோ என்னும் நகரம் அமைந்துள்ளது. 1881-ஆம் ஆண்டில் அம்மலையினின்று இறங்கிய குழம்பு, இன்று அந்நகரின் எல்லைக்குள் அடங்கிய நிலம் வரை வந்து நின்றது. 1984-ஆம் ஆண்டில் இறங்கியது, நகருக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் ஓய்ந்தது. 2022-ஆம் ஆண்டிலும் அம்மலை பொங்கியது.

அத்தகைய மலைச்சரிவு ஒன்றில் ஐந்து குழம்போட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன என்று கொள்வோம். அவை ஐந்தும் ஆயிரம் ஆண்டுகளுக்குள் வந்தவையாயின், சராசரியாக இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை நெருப்பு அவ்வழியே வருகிறது என்பது பொருள். அவையே பதினாயிரம் ஆண்டுகளில் வந்தவையாயின், ஈராயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. முன்னைய சரிவில் வீடு கட்டுவதும் பின்னைய சரிவில் வீடு கட்டுவதும் ஒன்றாகுமா? பாறையின் எண்ணிக்கை ஒன்றே. வயது வேறுபட்டால் அச்சத்தின் அளவும் வேறுபடுகின்றது.

ஏடுகளைப் புரட்டி வயதை அறியலாகாதோ எனின், அவ்வேடுகள் அண்மைக் காலத்தனவாகவே உள்ளன. ஐரோப்பியர் ஹவாய்த் தீவுகளுக்கு முதன்முதல் வந்தது 1778-ஆம் ஆண்டில். மௌனா லோவாவின் பொங்குதல்களைப் பற்றிய தொடர்ச்சியான குறிப்பு 1843-ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கின்றது. அவ்வாண்டு முதல் 2022 முடிய அம்மலை முப்பத்து நான்கு முறை பொங்கியதாகக் கணக்கிட்டுள்ளனர். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொங்கிவரும் மலைக்கு இந்நூற்றெண்பது ஆண்டுக் கணக்கு எம்மட்டு? பெரிய நூலொன்றின் கடைசி ஏட்டை மட்டும் படித்தாற்போல்வதே அது. முன்னைய ஏடுகளைப் பாறையிடத்தேதான் படித்தல் வேண்டும்.

அங்ஙனம் படிக்கப் புகும் ஆராய்ச்சியாளர் முதலில் தம் கண்களையே துணைக்கொள்கின்றனர். மேலே கிடப்பது இளையது, கீழே கிடப்பது மூத்தது என்பது எளிய விதி. ஆனால், இவ்விதி முறையை மட்டுமே உணர்த்தும். ஆண்டுக் கணக்கை உணர்த்தாது. அடுத்து, பாறையின் தோற்றத்தை நோக்குவர். புதிதாக ஆறிய குழம்பின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். நாளாக நாளாக ஒளி மங்கிப் பழுப்பேறும். பின்னர்ப் பாறைப்பாசி படரும். பிளவுகளில் சூரற்செடி முளைக்கும். அதன்பின் ஓஹியா என்னும் மரம் வேரூன்றும். நாளடைவில் காடு சூழும்.

எனினும், இவ்வளர்ச்சி எங்கும் ஒரே விரைவில் நிகழ்வதில்லை. ஹவாய்த் தீவின் கீழ்த்திசையில் மழை மிகுதி. ஆங்கே புதுப்பாறையிலும் மரஞ்செடிகள் விரைவில் தழைக்கும். மேற்றிசைக் கடற்கரையில் மழை குறைவு. ஆங்கே பல நூற்றாண்டு கடந்த பாறையும் நேற்று ஆறியது போல் வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே, பசுமையை மட்டும் கண்டு வயதைத் துணிவோர் மழையின் கணக்கைப் பாறையின் கணக்காகக் கொண்டு ஏமாறுவர்.

கண் தரும் சான்று போதாதெனின், பாறைக்குள்ளேயே அமைந்த கடிகாரம் ஏதேனும் உண்டா? உண்டு. பாறைகளில் பொட்டாசியம் என்னும் தனிமம் உள்ளது. அதில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உடையது. அக்கதிரியக்கப் பொட்டாசியம் மெல்ல மெல்லச் சிதைந்து, அதன் ஒரு பங்கு ஆர்கன் என்னும் வளியாக மாறுகின்றது. குழம்பு உருகிய நிலையில் இருக்கும்போது பழைய ஆர்கன் வெளியேறிவிடும். இறுகிய பின்னர்த் தோன்றும் ஆர்கன் பாறைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அதனை அளந்தால் பாறை இறுகிய காலம் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டு வயதுடைய பாறைகளுக்கு இம்முறை பெரிதும் பயன்படுகின்றது.

ஆனால், இக்கடிகாரம் மிக மிக மெல்ல ஓடுவது. கதிரியக்கப் பொட்டாசியத்தில் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள் ஆகும். ஆயிரம் ஆண்டில் ஏறக்குறையப் பதினெட்டு இலட்சம் அணுக்களுக்கு ஒன்றே சிதையும். அங்ஙனம் சிதைவனவற்றுள்ளும் பத்தில் ஒன்றளவே ஆர்கனாக மாறும். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணியின் எடையை எங்ஙனம் காண்பது? இளம்பாறையின் வயதை இக்கடிகாரத்தில் காண்பதும் அத்தன்மையதே.

இதனால் நேரும் பிழைக்கு ஹுவாலாலை மலை நல்ல எடுத்துக்காட்டு. அம்மலை கடைசியாகப் பொங்கியது 1801-ஆம் ஆண்டை ஒட்டியே ஆகும். அப்போது கடல் வரை இறங்கிப் பரந்த குழம்பின்மீதுதான் இன்று தீவின் மேற்கரை விமான நிலையம் அமைந்திருக்கின்றது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டே வயதுடைய அப்பாறையைப் பொட்டாசிய முறையால் ஆய்ந்தபோது, பத்து இலட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட வயது கிடைத்தது. காரணம் யாதெனின், ஆழத்தில் கரைந்திருந்த ஆர்கன் முழுவதும் வெளியேறு முன்னரே பாறை இறுகிவிட்டது. ஆழத்தினின்று குழம்பு வாரிக்கொணர்ந்த படிகங்களிலும் பழைய ஆர்கன் அடைபட்டிருந்தது. முதிய பாறையில் இச்சிறு மிச்சம் ஒரு பொருட்டன்று. இளம்பாறையிலோ அம்மிச்சமே முழு வயதையும் விழுங்கிவிடுகின்றது.

பொட்டாசியம் மிகுந்த படிகங்கள் வாய்க்குமாயின், நுட்பமான கருவிகளைக் கொண்டு இளம்பொருளின் வயதையும் இவ்வழியில் அறியலாம். இத்தாலி நாட்டில் வெசூவியசு எரிமலை கி.பி. 79-ஆம் ஆண்டில் பொங்கிப் பொம்பேயி நகரைப் புதைத்ததும், அதனை நேரிற் கண்ட இளைய பிளினி தம் கடிதங்களில் வரைந்து வைத்ததும் வரலாறு. அப்போது விழுந்த நுரைக்கல்லிலிருந்து எடுத்த படிகங்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆய்ந்து, 1997-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கண்ட வயது 1,925 ஆண்டு. அதில் 94 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றனர். உண்மையான வயது அன்று 1,918 ஆண்டு. ஆயினும், ஹவாய்ப் பாறைகளில் பொட்டாசியம் குறைவாதலின், இவ்வாய்ப்பு ஆங்கே எளிதிற் கிட்டுவதில்லை.

ஆகவே, ஹவாய் நாட்டு ஆராய்ச்சியாளர் வேறொரு வழியை நாடினர். பாறை தன் வயதைக் கூறாவிடினும், அதன் அடியில் அகப்பட்டு அழிந்த செடி கொடிகள் கூறுமன்றோ? ஏறத்தாழ 1,150 செல்சியஸ் பாகை வெப்பமுள்ள குழம்பு, காட்டின்மீது பாயும்போது அனைத்தையும் சாம்பலாக்கிவிடும் என்றே நாம் எண்ணுவோம். வெளியே நின்று எரிவன சாம்பலாகின்றன என்பது உண்மையே. ஆனால், மண்ணுக்குள் இருக்கும் வேர்களின் நிலை வேறு. நம் நாட்டில் கரிமூட்டம் போடுவோர் விறகை அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடி, காற்றுப் புகாமல் வேகவைப்பர். விறகு சாம்பலாகாமல் கரியாகும். குழம்பும் அவ்வாறே நிலத்தை மூடிக் காற்றைத் தடுத்து, வேர்களைக் கரியாக்கி வைத்துவிடுகின்றது.

அக்கரியின் வயதை அறியும் முறையை அமெரிக்க நாட்டு வேதியியல் அறிஞராகிய வில்லர்டு லிப்பி என்பாரும் அவர்தம் துணைவரும் 1940-களின் பிற்பகுதியில் உருவாக்கினர். அதன் பொருட்டு 1960-ஆம் ஆண்டில் லிப்பிக்கு நோபல் பரிசு வழங்கப் பெற்றது. விண்ணிலிருந்து வரும் கதிர்களால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பன் இடைவிடாது தோன்றுகின்றது. செடி கொடிகள் கரியமில வாயுவை உட்கொள்ளும்போது அதனையும் உட்கொள்கின்றன. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது மட்டும் சிதைந்து குறையும். 5,730 ஆண்டில் பாதி குறையும். ஆயிரம் ஆண்டில் நூற்றுக்குப் பதினொரு பங்களவு குறைந்துவிடும். பொட்டாசியக் கடிகாரம் ஆயிரம் ஆண்டில் அசைந்ததும் தெரியாது. கார்பன் கடிகாரமோ அக்காலத்தில் கண்கூடாக நகர்ந்துவிடுகின்றது. வேர் கரியான நாளே குழம்பு வந்த நாள். ஆதலின், கரியின் வயதே பாறையின் வயதாகும்.

கரியைத் தேடுவதற்கும் பயிற்சி வேண்டும். 1980-ஆம் ஆண்டில் லாக்வுட், லிப்மன் என்னும் இரு நிலவியலறிஞர், ஹவாயில் தாம் பெற்ற பட்டறிவை ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். முறையறிந்து தேடினால், செடி கொடிகள் வளர்ந்திருந்த நிலத்தை மூடிய பெரும்பாலான குழம்போட்டங்களின் அடியில் கரி கிடைக்கும் என்பதை அவர்கள் காட்டினர். பாறையின் நடுப்பகுதி தடிப்பாயிருக்கும். ஆங்கே தோண்டுதல் அரிது. ஓரப்பகுதி மெல்லிதாதலின், அதன் விளிம்பைக் குடைந்து, அடியில் சுட்டுச் சிவந்த மண்ணைக் கண்டு, அதிலுள்ள கரித்துண்டுகளை எடுப்பர்.

எடுத்த கரி அனைத்தும் உண்மை கூறும் என்று நம்பிவிடுதலும் கூடாது. பாறை ஆறிய பின்னர் அதன் பிளவுகள் வழியே புதிய வேர்கள் இறங்கிக் கரியோடு பின்னிக் கிடக்கும். அவற்றை நீக்காவிடின், வயது குறைத்துக் காட்டும். முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் உள்வைரம், குழம்பு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே வளர்ச்சி நின்றதாகும். அதன் கரி வயதைக் கூட்டிக் காட்டும். ஆகையால், சிறு சுள்ளிகளும் மெல்லிய வேர்களுமே சிறந்தவை. எரிமலை வாய்க்கு அருகில் வளரும் செடிகள், நிலத்தினின்று கிளம்பும் கதிரியக்கமற்ற கரியமில வாயுவையும் உட்கொண்டிருக்கும். அவையும் மூத்தனவாகத் தோன்றும். மேலும், வளிமண்டலத்திலுள்ள கதிரியக்கக் கார்பனின் அளவு எக்காலத்தும் ஒரே சீராய் இருந்ததில்லை. ஆண்டு தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டு அவ்வேறுபாட்டைத் திருத்திக் கொள்வர். அங்ஙனம் திருத்தியும், கடந்த முந்நூற்றைம்பது ஆண்டளவில் ஒரே அளவுக்குப் பல ஆண்டுகள் பொருந்தி வருதலால், அக்காலப் பாறைகளுக்குக் கரி ஒன்றனையே நம்பி முடிவு கூற இயலாது.

கரி கூறிய கணக்கோடு மக்களின் வாய்மொழி மரபும் ஒத்துவந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹவாய் மக்கள் பெலே என்னும் தெய்வத்தை எரிமலைக்கு உரியவளாகப் போற்றுவர். பெலே தன் தங்கை ஹியாக்காவைத் தொலைவிலுள்ள தீவுக்கு அனுப்பித் தன் காதலனை அழைத்துவரச் செய்தாள். அவள் திரும்பும் வரை அவளுக்குரிய ஓஹியாக் காட்டைக் காப்பதாக வாக்களித்தாள். தங்கை வரக் காலந்தாழ்த்தமையால் வெகுண்டு அக்காட்டை எரித்தாள். பின்னர், அக்காதலனையும் கொன்று குழியில் இட்டாள். ஹியாக்கா அவன் உடலை எடுக்கப் பாறைகளை வாரி எறிந்து ஆழத் தோண்டினாள். இது தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்த கதை. கிலவேயாவின் சரிவில் பெருநிலப் பரப்பை மூடிக்கிடக்கும் குழம்போட்டம் ஒன்றின் அடியில் கிடைத்த கரிகளை ஆய்ந்தபோது, அது கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் இடைவிடாது வழிந்தது எனத் தெரிந்தது. அதனையடுத்து மலையுச்சி உள்வாங்கி, பெரும்பள்ளம் உண்டாயிற்று. காடு எரிந்தமையும் குழி தோண்டினமையும் இவ்விரு நிகழ்ச்சிகளின் நினைவே என்று அறிஞர் கருதுகின்றனர். எழுத்தில்லாத மக்கள் வரலாறில்லாத மக்கள் ஆகார் என்பதற்கு இது தக்க சான்று.

கரி கிடைக்காத வெறுநிலத்தில் வேறு சான்று வேண்டுமன்றோ? ஆங்கே காந்தம் துணை செய்கின்றது. குழம்பில் காந்தத்தன்மை கொள்ளக்கூடிய இரும்புத்தாதுத் துகள்கள் உள்ளன. குழம்பு ஆறி இறுகும்போது, அவற்றின் காந்தம் அன்றைய புவிக்காந்தத்தின் திசையிலேயே படிந்து நின்றுவிடும். புவிக்காந்தத்தின் திசையோ நூற்றாண்டுதோறும் மாறுவது. இலண்டன் நகரில் 1580-ஆம் ஆண்டில் காந்த ஊசி உண்மை வடக்கினின்று ஏறத்தாழ 11 பாகை கிழக்கே சாய்ந்திருந்தது. 1820-ஆம் ஆண்டளவில் 24 பாகை மேற்கே சாய்ந்திருந்தது. எனவே, பாறையில் உறைந்த திசையை அளந்து, எக்காலத்துத் திசையோடு அது பொருந்துகிறது என்று காணலாம். இத்தாலியின் எட்னா மலைப் பாறைகளில் இவ்வாராய்ச்சியைச் செவாலியே என்னும் பிரஞ்சு அறிஞர் 1925-ஆம் ஆண்டிலேயே நிகழ்த்தினார். பிற்கால ஆய்வுகளில், இன்ன ஆண்டுப் பொங்குதலால் வந்தவை என்று ஏடுகள் வழி நம்பப்பட்ட எட்னாப் பாறைகள் பல, உண்மையில் பன்னூற்றாண்டு மூத்தவை என்பது வெளிப்பட்டது. ஏட்டில் உள்ள ஆண்டு மெய்யாயினும், அவ்வாண்டுக்குரிய பாறை இதுதான் என்று காட்டிய விரல் தவறிவிட்டது. காந்த முறையிலும் ஒரு குறை உண்டு. ஒரே திசை வெவ்வேறு காலங்களில் மீண்டும் வருதல் கூடும். அப்போது இரண்டு வயதுகளுள் எது பொருந்தும் என்பதை வேறு சான்று கொண்டே துணிதல் வேண்டும்.

மற்றுமொரு முறை விண்கதிரைத் துணைக்கொள்வது. புதுப்பாறை வெளியில் தோன்றிய நாள்முதல் விண்கதிர்கள் அதன்மீது விழுகின்றன. அவற்றால் பாறைப் படிகங்களில் ஹீலியத்தின் ஓர் அரியவகை சிறிது சிறிதாகச் சேர்கின்றது. அதனை அளந்தால், பாறை எத்துணைக் காலம் வான்நோக்கிக் கிடந்தது என்று தெரியும். ஆனால், பாறையின் மேற்பரப்பு தேய்ந்திருந்தாலும், இடையே சாம்பலால் மூடப்பட்டிருந்தாலும் கணக்குத் தவறும்.

இவ்வாறு நோக்குமிடத்து, குறையில்லாத சான்று ஒன்றேனும் இல்லை என்பது விளங்கும். பசுமையை மழை மாற்றுகின்றது. ஆர்கனைப் பழைய மிச்சம் கெடுக்கின்றது. கரியில் புதுவேர் கலக்கின்றது. காந்தத்தின் திசை திரும்பவும் வருகின்றது. ஆயினும், ஒன்றன் குறை மற்றொன்றன் குறை அன்று. ஒருவரையொருவர் அறியாத நால்வர் தனித்தனியே வந்து ஒரே செய்தியைக் கூறுவராயின், நடுவர் அதனை ஏற்பர் அல்லரோ? அதுபோல, கரி கூறும் வயதும், காந்தம் காட்டும் காலமும், மேல்கீழாய் அடுக்கிக் கிடக்கும் முறையும் ஒத்துவரும்போதே அறிஞர் முடிவு கூறுகின்றனர். ஒவ்வாதபோது மீண்டும் மலையேறுகின்றனர்.

இவ்வுழைப்பின் பயன் சிறிதன்று. கிலவேயாவின் மேற்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பங்கு, கடந்த 1,100 ஆண்டுக்குள் வந்த குழம்பால் மூடப்பட்டது என்றும், மௌனா லோவாவின் பரப்பில் ஏறத்தாழ நாற்பது பங்கு கடந்த ஆயிரம் ஆண்டுக்குள் மூடப்பட்டது என்றும் இதனால் தெரியவந்தன. 1974-ஆம் ஆண்டில் அத்தீவுக்கு அபாய வரைபடம் ஒன்று முதன்முதலாக வரையப் பெற்றது. பின்னர்த் திருத்தப்பெற்ற அப்படத்தில் தீவு ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; முதல் மண்டலமே மிகுந்த அபாயம் உடையது. 2018-ஆம் ஆண்டில் கிலவேயாவின் கீழ்ச்சரிவில் நிலம் பிளந்து குழம்பு பொங்கியபோது எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பிளவுகள் திறந்த குடியிருப்பு அப்படத்தின் முதல் மண்டலத்திலேயே இருந்தது. பாறைகள் முன்னரே சொல்லியிருந்தன. கேட்டு நடப்பது மாந்தர் கடமையாகும்.

எரிமலை அடுத்து எந்த நாளில் பொங்கும் என்பதைப் பழம்பாறையின் வயது கூறாது. பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் எங்கே அமைக்கலாம், எங்கே அமைத்தல் ஆகாது என்பதை அது கூறும். பேரனுக்கு வீட்டுமனை வாங்கும் பாட்டன், தன் வாழ்நாளில் நெருப்பைக் காணவில்லை என்பதனால் அவ்விடம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடுதல் கூடும். ஒரு மனிதன் நினைவு எண்பது ஆண்டு. மலையின் நினைவு பல்லாயிரம் ஆண்டு. அந்நீண்ட நினைவைக் கரித்துண்டிலும் காந்தத் துகளிலும் தேடி எடுத்து மக்கள் கையில் தருவதே இவ்வாராய்ச்சியின் பயன்.